மேடை இல்லாத அறை

(திரையில்: ஒரு சாதாரண அறை. மேசை, நாற்காலிகள்.)

வணக்கம். இந்த அறையைக் கொஞ்சம் கவனியுங்கள். உயரமான மேடை இல்லை. சாட்சிக் கூண்டு இல்லை. கம்பித் தடுப்பு இல்லை. இதுதான் இளைஞர் நீதிக் குழுமம் கூடும் இடம். 18 வயது நிரம்பாத பையன் திருட்டு, அடிதடி என்று பிடிபட்டால், 24 மணி நேரத்துக்குள் அவனை இங்கே கொண்டுவர வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. கைவிலங்கு கூடவே கூடாது. எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும். மேடை கூடாது என்பதையே 2016-ஆம் ஆண்டு விதிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். பையன் பயப்படாமல் வாய் திறந்து பேச வேண்டும், அதற்காகத்தான்.

"எதுக்கு இவ்வளவு செல்லம்? நாலு தட்டு தட்டினால் திருந்திவிடுவான்" என்று பலர் சொல்வார்கள். சரி, தட்டினால் என்ன ஆகும்?

(திரையில்: செங்கல்பட்டு, டிசம்பர் 2022)

பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவனை, விசாரணை முடியும் வரை சிறார்களைத் தங்கவைக்கும் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஓரிரு நாளில் அவன் இறந்துபோனான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதற்கு அப்புறம்தான் இந்த இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. சிறார்களுக்கென்று தனிச் சட்டத்தை இந்தியாவிலேயே முதலில், 1920-லேயே கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. அந்த மண்ணில் இப்படி நடந்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

(திரையில்: ஒரு படிவம்)

இந்த ஏற்பாட்டிலேயே முக்கியமானது என்று நான் நினைப்பது இந்தத் தாளைத்தான். சமூக விசாரணை அறிக்கை. நன்னடத்தை அலுவலர் 15 நாளுக்குள் இதைக் கொடுக்க வேண்டும். பள்ளியை ஏன் விட்டான்? வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள்? போதைப் பழக்கம் உண்டா? யாராவது அவனை அடித்தார்களா? பெரியவர்கள் யாராவது அவனை ஏவி விட்டார்களா? கடைசிக் கேள்வியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கஞ்சாப் பொட்டலத்தைப் பையன் கையில் கொடுத்து அனுப்புகிறவன் வெளியே இருப்பான், பையன் உள்ளே இருப்பான். வீட்டுக்குப் போய், அம்மாவிடம் பேசி, பள்ளியில் விசாரித்து எழுதினால் அந்த அறிக்கை ஒரு பையனின் வாழ்க்கையையே மாற்றும். உட்கார்ந்த இடத்தில் நிரப்பினால் அது வெறும் காகிதம்.

"கொலை செய்தவனுக்கும் இதேதானா?" இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 2012-இல் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்ற நிர்பயா வழக்கில் சம்பந்தப்பட்ட ஒருவனுக்கு 18 நிரம்பவில்லை. அவனுக்கு அதிகபட்சம் 3 ஆண்டுதான் கிடைத்தது. நாடே கொதித்தது. 2015-இல் சட்டம் மாறியது. கொடுங்குற்றம் என்றால் 16 வயதைத் தாண்டியவர்களின் மனமுதிர்ச்சியைக் குழுமம் மதிப்பிட்டு, பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பலாம். அப்போதும் மரண தண்டனை கிடையாது. ஆனால் அந்த ஒரு வழக்கின் கோபத்தைப் பேட்டரி திருடிய பையன் மேல் காட்டுவது பெரிய அநியாயம்.

(திரையில்: 1098, குழந்தைகள் உதவி எண்)

உங்கள் தெருப் பையன் ஒருவனைப் போலீஸ் அழைத்துப் போனால், அவன் அம்மாவோடு நீங்களும் போங்கள். வயதுக்குச் சான்றாகப் பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது குழுமத்துக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். சிறார்களுக்கு ஜாமீன் கொடுப்பதுதான் விதி, மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். அவன் போட்டோவை மட்டும் குரூப்பில் போடாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.