தராசுக்கு நிறம் தெரியாது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு, ஒரு லட்சம் பிரசவங்களுக்குக் கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் இறந்தார்கள். வெள்ளையினத்தவரில் 14.5 பேர். வறுமைதானே காரணம் என்பீர்கள். பாதிதான் சரி. பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்ணுக்குள்ள ஆபத்து, பள்ளிப்படிப்பை முடிக்காத வெள்ளையினப் பெண்ணுக்குள்ளதைவிடக் கூடுதல்.

பிரசவ அறைக்குள் போவோம். குழந்தை பிறந்துவிட்டது, உதிரம் போகிறது. எவ்வளவு? கண்ணால் பார்த்து, "அரை லிட்டர் இருக்கும்" என்கிறார்கள். கண் மதிப்பு பெரும்பாலும் குறைத்தே சொல்லும். போக்கு கூடினால் பிழையும் கூடும். "கறுப்பினத்தவருக்கு வலி தாங்கும்" என்ற பழைய நினைப்பும் சேர்ந்துகொண்டால், தலை சுற்றுகிறது என்று அந்தப் பெண் சொல்வது யார் காதிலும் ஏறாது.

கலிபோர்னியாவில் 2006இல் தொடங்கிய மகப்பேறு தரக் கூட்டமைப்பு இதற்குச் சொன்ன வழி, தராசு. நனைந்த பஞ்சையும் துணியையும் நிறுத்து, உலர்ந்த எடையைக் கழியுங்கள். ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. சுகப்பிரசவத்தில் 500 மில்லி தாண்டினால் எச்சரிக்கை. 1,500 தாண்டினால் பெருமளவு ரத்தம் ஏற்றும் ஏற்பாடு. சறுக்குவது சின்ன இடங்களில்தான்: உலர்ந்த எடைப் பட்டியல் சுவரில் இருக்காது, பனிக்குட நீரைக் கழிக்க மறப்பார்கள், உதிரம் பெருகிய பிறகே தராசைத் தேடுவார்கள். எல்லாப் பிரசவத்திலும் நிறுத்தால்தான் பயன். இத்தகைய நடைமுறைகளைக் கூட்டாகக் கடைப்பிடித்த மருத்துவமனைகளில், உதிரப்போக்கின் கடும் விளைவுகளில் இரு இனத்துக்கும் இருந்த இடைவெளி சுருங்கியது. மூடவில்லை, சுருங்கியது.

ரத்த அழுத்தமும் அப்படித்தான். 160/110 தொட்டு, 15 நிமிடம் கழித்தும் இறங்காவிட்டால், 30 முதல் 60 நிமிடத்துக்குள் மருந்து போயாக வேண்டும். "பதற்றமாக இருக்கிறாள், பிறகு பார்ப்போம்" என்பதற்கு அங்கே இடமில்லை.

ஆனால் எல்லாக் கருவியும் தராசு அல்ல. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி தோல் வழியே ஒளி செலுத்தி அளப்பது. கருத்த தோலில் உள்ளதைவிட உயர்த்திக் காட்டும். 2020இல் வெளியான ஆய்வில், மானி 92 முதல் 96 சதவீதம் காட்டியபோது ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் 88க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையினத்தவரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு. மூச்சு முட்டுகிறது என்று அவள் சொன்னால், மானியை நம்பி அனுப்பிவிடாதீர்கள். தமனி ரத்தத்தைச் சோதியுங்கள்.

கடைசியாக ஒன்று. கர்ப்பம் சார்ந்த சாவுகளில் பாதிக்கு மேல் பிரசவமாகி ஒரு வாரத்துக்குப் பிறகு, ஓராண்டுக்குள் நேர்பவை. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீடோ முன்பு பெரும்பாலோருக்கு 60 நாளில் முடிந்துவிடும்; மாநிலங்கள் அதை 12 மாதமாக நீட்ட வழிசெய்த சட்டம் 2021இல்தான் வந்தது. அதனால் நெஞ்சுவலி, தலைவலி என்று எந்தப் பெண் அவசரப் பிரிவுக்கு வந்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "இந்த ஒரு வருஷத்துக்குள் கர்ப்பமாக இருந்தீர்களா?"