தூரத்துக்கு முடிவில்லை, செலவுக்கு உண்டு

எல்லாருக்கும் வணக்கம்.

ஈர்ப்பு நிலையாற்றல் (ஈர்ப்புக்குள் ஒரு பொருள் இருக்கும் இடத்தால் அதற்குள்ள ஆற்றல்) பாடம் வந்தாலே பிள்ளைகள் கேட்பார்கள்: "சார், ஆற்றல் எப்படி மைனஸில் இருக்கும்?" நியாயமான கேள்விதான். "ஈறிலாத் தொலைவில் (அதாவது முடிவிலியில்) ஆற்றல் சுழி, அதாவது பூஜ்யம், என்று வைத்துக்கொள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவிவிடுகிறோம். சுவையெல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

தரையில் ஒரு கிலோ கல் கிடக்கிறது. காற்று, நிலா, சூரியன் எதுவும் இல்லை என்று வையுங்கள். பூமியின் பிடியிலிருந்து அந்தக் கல்லை முழுசாக விடுவிக்க என்ன செலவாகும்? சுமார் 62.5 மெகாஜூல். வீட்டு மீட்டர் கணக்கில் 17 யூனிட் சொச்சம். முடிவே இல்லாத தூரத்துக்கு இவ்வளவுதான்!

அந்தச் செலவு எங்கே ஆகிறது என்று பாருங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் இருக்கும் 400 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க 3.7 மெகாஜூல் போதும். (அங்கே சுற்றிவர வேண்டிய வேகத்தைக் கொடுக்க அதைப்போல எட்டு மடங்கு வேண்டும், ராக்கெட்டுக்கு உயரத்தைவிட வேகம்தான் பெரிய பாடு.) நிலா இருக்கும் தூரம் வரை போனால் 61.5 ஆகிவிடும். அதற்கு அப்பால் எவ்வளவு போனாலும், எல்லாம் சேர்த்து மிச்சச் செலவு ஒரே ஒரு மெகாஜூல்தான்.

காரணம், ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் விசை கால்பங்கு. வர்க்கம் இல்லாமல் வெறும் தூரத்துக்கு ஏற்பக் குறைந்திருந்தால்? தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அதே செலவு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். விடுபடு வேகம், அதாவது திரும்பி வராமல் தப்பிக்கத் தேவையான வேகம், என்ற ஒன்றே இருக்காது. எதை எறிந்தாலும் ஒருநாள் திரும்பி வந்துதான் ஆகவேண்டும்.

சரி, சுழியைத் தரையிலேயே வைத்தால் என்ன? மாடியிலிருந்து தேங்காய் விழும் கணக்குக்குத் தாராளமாக வைக்கலாம். நிலாவையும் வியாழனையும் கணக்கில் சேர்த்தால் யாருடைய தரையை எடுப்பது? எல்லாருக்கும் பொதுவாக இருப்பது முடிவிலிதான். அது போய்ச் சேரும் இடமல்ல, கணக்கைத் தொடங்கும் புள்ளி. அங்கே சுழி என்றால், பிடிக்குள் இருப்பதெல்லாம் சுழிக்குக் கீழே. மைனஸ் வந்தது இப்படித்தான்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. நிலையாற்றலையும் இயக்க ஆற்றலையும் (வேகத்தால் வரும் ஆற்றல்) கூட்டினால் வரும் மொத்த ஆற்றலின் குறியைப் பார்த்தே பொருளின் கதியைச் சொல்லிவிடலாம்: மைனஸ் என்றால் பிடிக்குள், பிளஸ் என்றால் தப்பித்துவிடும். நிலாவுக்குக் கிலோவுக்கு நிலையாற்றல் மைனஸ் 1 மெகாஜூல், இயக்க ஆற்றல் பிளஸ் அரை. கூட்டினால் மைனஸ் அரை. ஆகவே சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலத்தைச் சூரியனை வைத்துக் கணக்குப் பாருங்கள். 1979-இல் வியாழனை ஒட்டிப் போனபோது கிடைத்த உந்துதலால் மொத்தம் பிளஸ் ஆகிவிட்டது. இப்போது நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகம். சூரியன் எவ்வளவு காலம் பின்னால் இழுத்தாலும் அதை 16-க்குக் கீழே இறக்க முடியாது.