சல்ஃபர் உருகுறது 113-லயா 119-லயா? சண்டைய முடிச்சுக்கலாம்

வணக்கம் மக்களே, இன்னைக்கு செம குஷி, கூடவே கொஞ்சம் கடுப்பும் இருக்கு. போன வீடியோல சல்ஃபர் 113 டிகிரில உருகுதுன்னு சொன்னதுக்கு "119 ப்ரோ, புக்க பாருங்க"ன்னு வந்து குவிச்சிட்டீங்க. ரெண்டுமே கரெக்ட் தாங்க!

சாதாரணமா நாம பாக்குற மஞ்சள் கட்டி ஆர்த்தோராம்பிக்ங்குற படிக வடிவம். 95.5 டிகிரிய தாண்டிட்டா மோனோகிளினிக்ங்குற இன்னொரு படிக வடிவம் தான் நிலையானது. ரெண்டுலயும் அதே எட்டு அணு வளையம், அடுக்கியிருக்குற விதம் மட்டும் வேற. ஆனா திடப்பொருளுக்குள்ள மாலிக்யூல் எல்லாம் எடம் மாறி உக்கார நேரம் ஆகும்ல, மெதுவா சூடு ஏத்துனா மாறிட்டு 119-ல உருகும், சர்ருனு ஏத்துனா மாறவே விடாம பழைய வடிவத்துலயே 113 கிட்ட உருகிடும். சூடு ஏத்துன வேகத்த சொல்லாம உருகுநிலைய மட்டும் போடுற டேபிள கண்டாலே எனக்கு ஆகாது.

பாராசிட்டமால் இன்னும் மோசம். முதல் வடிவம் 169 பக்கம் உருகும், ரெண்டாவது 157 பக்கம். மாத்திரையா அழுத்துறதுக்கு ரெண்டாவது தான் சூப்பர், ஆனா நிலையானது முதல்ல உள்ளது. சல்ஃபர் மாதிரி சூடு ஏத்தி எறக்கி முன்னபின்ன மாத்த முடியாது, ஒன் வே தான். ரிட்டோனாவிர்ங்குற HIV மருந்துல 1998-ல சத்தமில்லாம புது வடிவம் வந்து கரையாம போய், கேப்சூலையே மார்க்கெட்ல இருந்து எடுக்க வேண்டியதாச்சு.

சரி, ஊசி மாதிரி நிக்குற மோனோகிளினிக் சல்ஃபர் படிகத்தோட ஷாட்டுக்கு வருவோம். சல்ஃபர உருக்கி, ஆற விட்டு, மேல ஆடை கட்டுனதும் குத்தி உள்ள இருக்குறத ஊத்திட்டேன், கண்ணாடி மாதிரி மஞ்சள் ஊசி ஊசியா நிக்குது! ஆனா அந்த மேக்ரோ லென்ஸ் இருக்கே, ஆவி பட்டு பட்டு மஞ்சளா படிஞ்சு, தொடைச்சா பரவுது, ஊதுனா போகல, ஸ்பிரிட்டுக்கும் அசையல, எரிச்சல்னா எரிச்சல். கடைசில வெறும் கண்ணாடி ஸ்லைடு ஒன்ன லென்ஸ் முன்னாடி ஒட்டிட்டேன், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா மாத்திட்டா போதும், நோபல் குடுங்கப்பா!

ஐயோ, இத விட்டுட்டேன், உருக்கும்போது 130-அ தாண்ட விடாதீங்க, 160 கிட்ட போனா சிவந்து பாகு மாதிரி ஆயிடும், ஊசியும் வராது. ஆவிய உறிஞ்சி வெளிய தள்ளுற லேப் கூண்டு, அதாவது ஃப்யூம் ஹூட்ல தான் பண்ணேன், நீங்க சும்மா ட்ரை பண்ணாதீங்க.

ஆறுனப்புறம் ஊசி ஊசியாவே தான் நிக்குது, ஆனா உள்ளுக்குள்ள ஆர்த்தோராம்பிக்கா மாறி மங்கி, தொட்டா பொடியுது. அந்த மாற்றத்த ஸ்பீடு பண்ணி கீழ போட்ருக்கேன், ஓரத்துல ஒரு மஞ்சள் புள்ளி தெரியும், கண்டுக்காதீங்க.