கப்பல் நின்ற தீவு

வணக்கம். தென் சீனாவின் குவாங்சோ நகருக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். விமான நிலையம், ஓட்டல், பாஜோ கண்காட்சி வளாகம், மறுபடி விமான நிலையம் என்று திரும்பிவிடுகிறோம். நானும் முதல் இரண்டு முறை அப்படித்தான் வந்தேன். மூன்றாவது முறை ஒரு நாள் மிச்சமிருந்தது. நாம் பேரம் பேசும் மண் எது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பாஜோ ஒரு தீவு. முத்து ஆறு கிளை கிளையாகப் பிரிந்து கடலுக்குப் போகிற வழியில் கிடக்கிறது. கண்காட்சி வளாகத்துக்குப் பக்கத்திலேயே 1600-ல் கட்டி முடித்த ஒன்பது அடுக்குக் கோபுரம் நிற்கிறது. அந்தக் காலத்தில் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். ஐரோப்பியக் கப்பல்கள் இந்தத் தீவை ஒட்டித்தான் நங்கூரம் போட்டன. அங்கிருந்து சரக்கைப் படகில் மாற்றி ஊருக்குக் கொண்டுபோவார்கள். 1757 முதல் 1842 வரை மேலைநாட்டு வணிகர்களுக்கு நடைமுறையில் சீனாவின் ஒரே வாசல் குவாங்சோதான்.

அந்த வணிகர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரையில், பதின்மூன்று கிடங்கு வீடுகள். அதற்குள்தான் இருக்க வேண்டும். ஊருக்குள் நுழையக்கூடாது. மனைவியை அழைத்து வரக்கூடாது. அரசு உரிமம் பெற்ற சில சீனக் குடும்பங்களோடு மட்டும்தான் கொடுக்கல் வாங்கல். வணிகப் பருவம் முடிந்ததும் மக்காவ் (Macau) துறைமுகத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். இத்தனையையும் பொறுத்துக்கொள்ள வைத்தது தேயிலை. அதற்கு வெள்ளியாகக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் அபினைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதைச் சீன அரசு தடுக்க, 1839-ல் பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டது. அந்த அபினில் கணிசமான பகுதி கங்கைச் சமவெளியில் நம் உழவர்களின் வயலில் விளைந்தது. அந்த ஆற்றங்கரையில் நின்றபோது அதுதான் என் மனதை அழுத்தியது.

சரி, பழைய ஊருக்குள் வாருங்கள். பெய்ஜிங் சாலை என்ற கடைத்தெருவில் நடந்தால் காலடியில் கண்ணாடி. குனிந்து பார்த்தால், தாங் அரசர் காலம் தொட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட பதினோரு சாலைகள். ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகத் தெரு இடம் மாறவே இல்லை! இன்னொரு பக்கம், ஜேட் என்ற பச்சைக்கல் விற்கும் கடைகளுக்கு நடுவே ஹுவாலின் என்ற புத்தர் கோயில். போதிதருமர் கடல் வழியாக வந்து இறங்கிய இடம் என்று அவர்கள் போற்றுகிறார்கள். காஞ்சியிலிருந்து போனவர் என்று நாம் சொல்கிறோமே, அவர்தான்.

அப்புறம் அந்த ஊர்த் தேநீர். மொத்தக் கடையில் ஓர் அம்மா கால்குலேட்டரில் விலையைத் தட்டி என் பக்கம் திருப்பினார். நான் குறைத்துத் தட்டினேன். நாலைந்து முறை அது இப்படியும் அப்படியும் போனது. முடிந்ததும் சின்னக் கோப்பையில் தேநீர் ஊற்றினார். பக்கத்திலிருந்தவர் இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டிக் காட்டினார். ஊற்றியவருக்கு அங்கே அப்படித்தான் நன்றி சொல்வார்கள். நானும் தட்டினேன். அந்த அம்மா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

நாம் சரக்கு எடுக்கப் போகும் கான்டன் வணிகக் கண்காட்சி 1957-லிருந்து அந்த ஊரில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. இப்போது நடப்பது அந்தக் கப்பல்கள் காத்துக் கிடந்த அதே தீவில். அக்டோபரில் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். கோபுரத்துக்கு வளாகத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.