பணம் போய்விட்டது, பெட்டி வரவில்லை

நேயர்களுக்கு வணக்கம். தபாலில் பணத்தை அனுப்பிவிட்டு, பொருள் இன்று வருமா நாளை வருமா என்று வாசலைப் பார்த்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அப்படிக் காத்திருந்த இங்கிலாந்துக்காரர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். வீட்டுக்கென்று கம்ப்யூட்டர் வாங்கிய முதல் தலைமுறை அவர்கள்.

கேம்பிரிட்ஜில் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் 1981இல் இசட்எக்ஸ்81 என்ற கம்ப்யூட்டரை 69 பவுண்டு 95 பென்ஸுக்கு விற்றது. அந்த விலைக்கு அது பெரிய காரியம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நினைவகம் வெறும் ஒரு கிலோபைட், சுமார் ஆயிரம் ஆங்கில எழுத்துகளுக்குத்தான் இடம். கூடுதலாக வேண்டுமென்றால் 16 கிலோபைட் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கிப் பின்பக்கம் செருக வேண்டும்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. அதைப் பிடித்து நிறுத்த ஒரு திருகாணி கிடையாது, ஒரு கொக்கி கிடையாது. ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். பத்திரிகையில் வந்த புரோகிராமை வரி வரியாகப் பார்த்து ஒரு மணி நேரம் தட்டியிருக்கிறான். விசைகள் தட்டையானவை, அழுத்தித்தான் தட்ட வேண்டும். அழுத்துகிற அழுத்தில் கம்ப்யூட்டர் லேசாக நகர்கிறது, பின்னால் பெட்டி ஆடி இணைப்பு அறுந்துபோகிறது. அவ்வளவுதான். அடித்த அத்தனையும் போச்சு. மறுபடி முதல் வரியிலிருந்து. இது ஒரு வீட்டுக் கதை இல்லை, ஊரெல்லாம் இதே புலம்பல். ரப்பர் பேண்டு போட்டார்கள், ஒட்டுக் களிம்பு வைத்து அப்பினார்கள். காசு கொடுத்தவரே பழுதும் பார்க்க வேண்டியிருந்தது.

சரி, இனியாவது திருந்தினார்களா? 1984 ஜனவரி 12ஆம் தேதி க்யூஎல் என்ற புதிய கம்ப்யூட்டரை அறிவித்தார்கள். விலை 399 பவுண்டு, 28 நாளில் கைக்கு வரும் என்றார்கள். மக்கள் நம்பிக் காசோலை அனுப்பினார்கள். கம்ப்யூட்டரோ இன்னும் தயாராகவே இல்லை. முதல் சில கம்ப்யூட்டர்கள் வெளியே வர ஏப்ரல் கடைசி ஆயிற்று. அவற்றிலும் இயக்க மென்பொருள் உள்ளே இருந்த சில்லுகளில் அடங்காமல், மிச்சத்தை ஒரு துண்டுப் பெட்டியில் வைத்துப் பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். மீண்டும் பின்னால் ஒரு பெட்டி! காத்திருந்தவர்களுக்கு ஆறுதலாக ஒரு இணைப்புக் கேபிள் இலவசம் என்றார்கள். மூன்று மாதம் பணத்தை முடக்கிப்போட்டவருக்கு ஒரு கேபிள் ஈடாகுமா? எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. கம்ப்யூட்டர் தயாரான பிறகு பணம் வாங்கியிருந்தால் இவ்வளவு கோபம் எழுந்தே இருக்காது.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். க்யூஎல் வாங்கியவர்கள் அதே ஆண்டில் தங்களுக்கென்று தொடங்கிய சங்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. 1986இல் சின்க்ளேர் தன் கம்ப்யூட்டர் தொழிலை ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டுக்கு விற்றுவிட்டார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பின்லாந்தில் ஒரு இளைஞரும் க்யூஎல் வாங்கினார். அதற்கு வேண்டிய மென்பொருள் சரியாகக் கிடைக்காததால் புரோகிராம் தட்டுவதற்கான எடிட்டர், அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் அசெம்ப்ளர் எல்லாவற்றையும் அவரே எழுதிக்கொண்டார். அவர்தான் பிற்பாடு லினக்ஸ் என்ற இயக்க மென்பொருளை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ். வணக்கம்.