பேரன் துணியும் பாலாற்றுக் குழியும்

(வேலூர் அருகே பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், மகளிர் சுய உதவிக் குழுவினர் நடத்திய கூட்டத்தில் பேசியது)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தீயணைப்பு நிலைய அலுவலர் ஐயா அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, தையல் பயிற்சி ஆசிரியை அவர்களே, குழுத் தலைவிகளே, முன்வரிசையில் பாயை விரித்து எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியம்மாக்களே, சுவரோரம் நின்றுகொண்டு எப்போது டீ வரும் என்று பார்க்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் என் மாணவி. ஏழாம் வகுப்பில் கணக்குப் போடாததற்காக நான் பெஞ்சு மேல் ஏற்றினேன். இன்றைக்கு அவர் என்னை மேடை மேல் ஏற்றியிருக்கிறார். பழிக்குப் பழியா, மரியாதையா என்பது பேசி முடித்த பிறகு தெரியும். சால்வைக்குப் பதிலாகக் கைத்தறித் துண்டு போர்த்தினார்கள். குடியாத்தம் பக்கத் தறி என்று சொன்னார்கள். சால்வையைப் பீரோவில்தான் வைக்க முடியும், துண்டு தினமும் தோளில் கிடக்கும். இந்த யோசனை யாருடையதோ, அவருக்குத் தனி நன்றி.

நினைவுப் போர்வை, அதாவது இறந்துபோனவர்களின் துணியை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வை, அதைத் தைப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நானோ ஊசியில் நூல் கோக்கவே வீட்டில் ஆளைக் கூப்பிடுகிறவன். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆழம் தெரியாமல் இந்த மேடையில் காலை விட்டிருக்கிறேன். இருந்தாலும் மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, போர்வையை எப்படித் தைப்பது. இரண்டு, பேரப்பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் எப்படிப் பேசுவது. மூன்று, வீட்டில் சேரும் பழந்துணியை என்ன செய்வது.

மேடைக்கு இடப்பக்கம் கயிற்றில் கட்டியிருக்கிறதே, அதுதான் அந்தப் போர்வை. என் அக்கா தைத்தது. அவளும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், யார் என்று காட்டக் கூடாது என்று உத்தரவு. அவளுடைய பேரன், ஒன்பது வயது, லீவு நாளில் ஆற்றில் மணல் அள்ளிய குழியில் தேங்கிய தண்ணீரில் இறங்கினான். அதற்கு மேல் அந்தப் பகுதியை நான் சொல்லப் போவதில்லை.

காரியம் முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் சொன்னது ஒன்றே ஒன்று. "துணிமணியை வீட்டில் வைக்காதே. ஆற்றில் விடு, இல்லை கொளுத்திவிடு." அக்கா கேட்டாள், "என் பிள்ளையை எடுத்துக்கொண்ட ஆற்றுக்குத் துணியையும் நான் கொடுக்க வேண்டுமா?" அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. துணி அப்படியே ஒரு கட்டைப்பையில் கிடந்தது. ஒருநாள் அக்கா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பஜாரில் இருக்கும் டெய்லர் பாய் கடைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

பண்டிகை நேரம். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பாய் தலை நிமிராமல், "இன்னாம்மா, பேரனுக்கு ஆல்டரா? ரெண்டு நாள் கழிச்சு வா" என்றார். அக்கா பேசவில்லை. பையைக் கவிழ்த்தாள். பாய் மேலே கிடந்த நீலக் கால்சட்டையை எடுத்தார், புரட்டினார். "இது நான் தெச்சது" என்றார். அப்புறம் எங்கள் முகத்தைப் பார்த்தார். மெஷின் நின்றது. பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னார். டீ வந்தது, ஆறிப்போனது, யாரும் குடிக்கவில்லை. அதற்குள் கைலிக்கு ஓரம் அடிக்க வந்த ஒருவர், "பாய், நான் காலையிலிருந்து நிற்கிறேன்" என்று சத்தம் போட்டார். பாய் அவருடைய கைலியை எடுத்து, ஒரே மூச்சில் மூட்டி அவர் கையில் கொடுத்து, "காசு வேணாம், போய்ட்டு வா" என்றார். அந்த ஆளுக்குக் காசு வேண்டாம் என்றது பிடிக்கவில்லை, கொடுத்துத்தான் தீருவேன் என்று நின்றார். உள்ளே நடப்பது புரிந்ததும் அவரும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார், சாயங்காலம் வரை போகவில்லை. யாரோ எவரோ!

சரி, கால்சட்டைக்கு வருகிறேன். பாய் அதன் கீழ் மடிப்பைப் பிளேடால் பிரித்தார். பள்ளிக்கூடத் துணி தைக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான், பிள்ளை வளர்ந்தால் பிரித்துவிட இரண்டு அங்குலம் உள்ளே மடித்து வைப்பார்கள். மேலே வெயிலிலும் சோப்பிலும் வெளுத்துப்போன நீலம். உள்ளே மடிந்திருந்த இரண்டு அங்குலம் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த கருநீலம். "அடுத்த வருஷத்துக்குன்னு விட்டேம்மா" என்றார் பாய். போர்வையின் நடுக்கட்டத்தில் ஒரு பட்டை மட்டும் கருநீலமாகத் தெரிகிறதல்லவா? அது அந்த அடுத்த வருஷத்துத் துணி.

பாய் மெஷினில் தைத்துத் தருவதாகச் சொன்னார். அக்கா கேட்கவில்லை. வெட்டிக் கொடுங்கள் போதும், கையால் நான் தைக்கிறேன் என்றாள். பாய் வெட்டிக் கொடுத்தார், தைக்கும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தார். தையல் ஆசிரியை அம்மா இங்கே இருக்கிறார், நான் தப்பாகச் சொன்னால் திருத்தட்டும்.

துணியை முதலில் அலச வேண்டும். சிவப்பு, கருநீலம் இருந்தால் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். சாயம் இறங்கினால் அதைத் தனியாக ஊறவைத்து அலசி, இறங்குவது நின்ற பிறகே சேர்க்க வேண்டும். சில பேருக்கு அலச மனம் வராது, பிள்ளையின் வாசனை போய்விடும் என்று. அப்படியானால் ஒரு சட்டையை மட்டும் அலசாமல், வெட்டாமல், தனியாக எடுத்து வையுங்கள். கட்டம் எட்டு அங்குலம் வேண்டுமென்றால் எட்டரையாக வெட்ட வேண்டும், நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும். பனியன் துணி, டீ ஷர்ட் எல்லாம் இழுபடும், பின்னால் இஸ்திரிப் பெட்டி வைத்து ஒட்டும் கேன்வாஸ் கொடுத்தால்தான் கட்டம் கோணாது. குறுக்கே ஐந்து, நெடுக்கே ஏழு என்று வைத்தால் 40 அங்குலத்துக்கு 56 அங்குலம் வரும். தரையில் பரப்பி, எது எதற்குப் பக்கத்தில் என்று பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். நடுவில் பழைய பருத்திப் போர்வை. அடியில் அக்காவின் நூல் புடவை, அவனுக்கு ஏணை கட்டிய அதே புடவை. மூன்றையும் சேர்த்து நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துக்கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் புடைத்துக்கொள்ளும். சட்டைப் பையில் இங்க் கசிந்த கறை ஒன்று இருந்தது. பாய் அதை ஒதுக்கிவிட்டு வெட்டப் பார்த்தார், அக்கா விடவில்லை. மேல் வரிசையில் இரண்டாவது கட்டம் அது.

இப்படிப் பழந்துணியை அடுக்கித் தைப்பது நமக்குப் புதிதல்ல. வங்காளத்தில் காந்தா என்கிறார்கள். பீகாரில் பிறந்த குழந்தைக்குப் பழந்துணியில் சுஜனி தைப்பார்கள். கர்நாடகத்தில் கௌதி. வடகன்னடத்தில் சித்தி என்று ஓர் இனம், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள்; அந்தப் பெண்கள் நாலு மூலையிலும் முக்கோணமாகத் துணி மடித்து வைத்துப் பூ என்பார்கள், அது இல்லாவிட்டால் போர்வை முடிந்ததாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அக்காவுக்கு அதைச் சொன்னேன். அவளும் மூலைக்கு ஒன்று வைத்துவிட்டாள், பாருங்கள்.

ஒன்றே ஒன்றில் அக்கா சறுக்கினாள். மருமகளைக் கேட்காமல் துணியை எடுத்துப்போய்விட்டாள். "என் பிள்ளை துணியை எனக்குத் தெரியாமல் வெட்டினீங்களா அத்தை?" என்று அந்தப் பெண் கேட்டபோது அக்காவிடம் பதில் இல்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே இருந்தார்கள். பிறகு ஒருநாள் மருமகளே வந்து உட்கார்ந்து கடைசி வரிசையைத் தைத்தாள். தையல் சின்னச் சின்னதாக ஒழுங்காக இருக்கும் வரிசை அவளுடையது. பாட்டி, தாத்தா யாராக இருந்தாலும், பெற்றவர்களைக் கேட்ட பிறகு கத்தரிக்கோலை எடுங்கள்.

இரண்டாவது விஷயம், எப்படிப் பேசுவது. பாட்டிக்குத் துக்கம் இரண்டு பங்கு. பேரன் போனது ஒன்று, பெற்ற மகன் தன் கண்முன் உடைந்து கிடப்பது இன்னொன்று. வருகிறவர்கள் எல்லோரும் மகனிடமும் மருமகளிடமும் துக்கம் விசாரித்துவிட்டு, பாட்டியிடம் காபி கேட்டுக் குடித்துவிட்டுப் போகிறார்கள். "இன்னொரு பேரன் பிறப்பான்" என்று சொல்கிறவர்கள் ஆழம் தெரியாமல் வாயை விடுகிறவர்கள். இதில் சொல்ல இன்னும் நிறைய உண்டு. ஆனால் நான் இங்கே வந்த காரியம் வேறு.

அமெரிக்காவில் ஒரு போர்வை இருக்கிறது. 1985இல் சான்பிரான்சிஸ்கோவில், எய்ட்ஸில் இறந்தவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி ஓர் அரசுக் கட்டடச் சுவரில் ஒட்டினார்கள். அதைப் பார்த்த கிளீவ் ஜோன்ஸ் என்பவருக்கு ஒட்டுத்துணிப் போர்வை நினைவுக்கு வந்தது. ஆளுக்கு 3 அடிக்கு 6 அடி, ஒரு சவக்குழி அளவு. இறந்தவரின் பெயரைத் தைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். 1987 அக்டோபர் 11 அன்று தலைநகர் வாஷிங்டனில் 1,920 துண்டுகளைத் திறந்தவெளியில் விரித்தார்கள். அந்தக் கிருமி இந்தியாவிலும் இருக்கிறது என்று 1986இல் தெரிந்ததே, அது எங்கே? சென்னையில் எடுத்த ரத்தத்தைச் சோதித்தது நம்முடைய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் அந்தப் போர்வையை அழுவதற்கு மட்டும் தைக்கவில்லை. ஆட்சியில் இருப்பவர்கள் குனிந்து பார்க்க வேண்டும் என்று அவர்கள் வாசலில் கொண்டுபோய் விரித்தார்கள். அக்காவின் போர்வையை நான் இங்கே கட்டச் சொன்னதும் அதற்காகத்தான்.

பாலாறு எப்படிப்பட்ட ஆறு? பெரியம்மாக்களுக்குத் தெரியும். மேலே மணல், கீழே தண்ணீர். கையால் தோண்டினால் ஊற்று வரும், ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குப் பாய்ச்சினோம். அந்த ஆற்றில் பிள்ளை முங்க முடியுமா என்று கேட்டவர்கள் நாம். மணல் போனது, குழி மிச்சம். 2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது, பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு குழிகளில் தண்ணீர் நின்றது. மேலே பார்த்தால் முழங்கால் ஆழம் போல இருக்கும். ஓர் அடி எடுத்து வைத்தால் ஆள் உயரம். பக்கவாட்டு மணல் சரியும், பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. நீச்சல் தெரிந்தவனே திணறுவான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பிள்ளையிடம் சொல்கிறோம். சரிதான். ஆனால் ஆழத்தை வெட்டி வைத்தவனிடம் யார் சொன்னது? ஒரு பலகை உண்டா, ஒரு முள்வேலி உண்டா? கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றுக்கு உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிமுறை வகுத்தது. தோண்டுவதற்கு 15 நாளைக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், சுற்றிலும் முள்கம்பி வேலி போட வேண்டும், கைவிட்டால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். அப்படியிருந்தும் 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை போனதை நாடே விடிய விடிய டி.வி.யில் பார்த்தது. சட்டம் இருக்கிற கிணற்றுக்கே அந்தக் கதி என்றால் ஆற்றுக் குழியை யார் கவனிப்பார்கள்? நாம்தான் கேட்க வேண்டும். ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாள் என்று ஐ.நா. சபை 2021இல் அறிவித்தது. அந்த நாளில் நம் பக்கம் ஒரு பலகையாவது நட்டோமா?

இன்னொன்று. குழியில் பிள்ளை விழுந்தால் கூடவே குதிக்காதீர்கள், ஒன்றுக்கு இரண்டு போகும். கட்டியிருக்கும் புடவையே ஐந்தரை மீட்டர். அவிழ்த்து வீசுங்கள், மானம் அப்புறம். மேலே தூக்கியதும் தலைமேல் வைத்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வேண்டாம். அந்த நேரமெல்லாம் வீண். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும். 108க்கும் 101க்கும் போன் போகட்டும்.

தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். பழந்துணியைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன், அதற்கு நேரமில்லை, தையல் ஆசிரியை அம்மா இன்னொரு நாள் பேசுவார். வாசலில் மேசை மேல் ஒரு தாள் இருக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக வைக்க வேண்டிய மூன்று வரி அதில் எழுதியிருக்கிறது: ஊர் எல்லைக்குள் இருக்கும் குழிகளைக் கணக்கெடுப்பது, பலகையும் வேலியும் போடுவது, நிரப்பக் கூடியதை மழைக்கு முன் நிரப்புவது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போடுங்கள், மற்றவர்கள் ரேகை வையுங்கள். தலைவர் அம்மா முதல் கையெழுத்து போடுவதாக எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டிருக்கிறார், நான் மறக்க மாட்டேன். அடுத்ததாகத் தீயணைப்பு நிலைய அலுவலர் ஐயா நெஞ்சை எப்படி அழுத்துவது என்று செய்து காட்டுவார். சுவரோரம் நிற்கும் தம்பிகளில் இரண்டு பேர் முன்னால் வாருங்கள், டீ அதற்கப்புறம்தான். வணக்கம்.