ஸ்டோர் சிஸ்டத்தில ஒரு சாமானட பதிவ எப்படி வாசிக்கிறது? நெல் ஆலை ஸ்டோர்காரங்களுக்கு

வணக்கம் எல்லாருக்கும். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, ஏறாவூர் பக்கம் ஆலைகள்ல ஸ்டோர் பார்க்கிற ஆக்கள் அடிக்கடி சொல்ற குறை ஒண்டு இருக்கு. "சிஸ்டத்தில நாலு இருக்கெண்டு காட்டுது, ராக்கையில ஒண்டுமில்ல." உடனே எல்லாரும் எண்ணிக்கையத் திருத்தப் போறாங்க. கொஞ்சம் பொறுங்க. பிழை கூடுதலா அந்தச் சாமானுக்கெண்டு திறந்த பதிவிலதான் கிடக்கும். இண்டைக்கு அதத்தான் வடிவாப் பார்க்கப் போறம்.

இந்தா, ஸ்கிரீனில இருக்கிறது ஒரு பெயரிங். பேர் போடுற இடத்தில "மோட்டர் பெயரிங் சின்னது" எண்டு அடிச்சிருக்கு. இத வச்சு கடையில ஒருத்தருக்கும் சாமான் வாங்க ஏலாது. முதல்ல என்ன சாமான், மறுகா வகை, மறுகா அளவு, கடைசியா மூடியும் இடைவெளியும். "பெயரிங், போல், 6205, இசட்இசட், சி3." எல்லாப் பெயரிங்குக்கும் முதல் சொல் பெயரிங் எண்டே வந்தா, தேடக்குள்ள எல்லாம் ஒரே இடத்தில வந்து நிக்கும்.

அந்த எழுத்து ஒவ்வொண்டுக்கும் வேலை இருக்கு. போல் எண்டா உள்ளுக்க உருண்டைக் குண்டு உள்ள வகை. 6205 எண்டா உள்விட்டம் 25 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 52, அகலம் 15. இசட்இசட் எண்டா ரெண்டு பக்கமும் தகட்டு மூடி. சி3 எண்டா உள்ளுக்க இடைவெளி சாதாரண பெயரிங்க விடக் கூட. சூடேறுற மோட்டருக்கு அது வேணும். ஏனெண்டா சூட்டில உள்வளையம் விரியும். சாதாரண பெயரிங்கில அந்த விரிவுக்கு இடம் காணாது, இறுகும், கிறீஸ் கருகும், சத்தம் வரும், கவனிக்காம விட்டா மோட்டரே போயிரும். அதனால சி3 உள்ளதுக்கு ஒரு பதிவு, இல்லாததுக்கு வேற பதிவு. ரெண்டையும் ஒண்டாச் சேர்க்காதீங்க.

இதுக்கு நேர்மாறான பிழையும் நடக்குது. அதே தகட்டு மூடிக்கு எஸ்கேஎஃப் கொம்பனிப் பெட்டியில 2இசட் எண்டு இருக்கும், என்எஸ்கே கொம்பனிப் பெட்டியில இசட்இசட் எண்டு இருக்கும். எழுத்து மாறியிருக்கெண்டு ரெண்டு பதிவு திறந்தா, ஒண்டில பூச்சியம், மற்றதில அஞ்சு. பூச்சியத்தக் கண்டவர் கொழும்புக்கு ஓடர் போடுறார், சாமான் பக்கத்துப் பெட்டியில கிடக்கு. நம்மட ஸ்டோர் இலக்கம் ஒண்டுதான். கொம்பனிக்காரங்கட இலக்கம் எத்தினை இருந்தாலும் அந்த ஒரே பதிவுக்குள்ள போட்டு வைங்க. ஸ்டோர் இலக்கத்துக்குள்ள ராக்கை இலக்கத்தச் செருகுறதும் எனக்குப் பிடிக்காத பழக்கம். ராக்கை மாறும், இலக்கம் மாறக்கூடாது. ராக்கைக்குத் தனி இடம் பதிவிலயே இருக்கு.

இனி அலகு. கூடக் கரைச்சல் குடுக்கிறது இதுதான். நெல்லுக் குத்துற மெசினில றப்பர் றோல் ரெண்டு இருக்கு. ரெண்டும் ஒரே வேகத்தில சுத்தாது, வேகமாச் சுத்துறது முதல்ல தேயும், அதனாலதான் இடைக்கிட மாத்திப் பூட்டுறாங்க. இப்ப பில்லில "6 சோடி" எண்டு வருது. ஸ்டோரில 6 எண்டு பதியிறாங்க. மெசினடியில இருந்து வந்தவர் ஒரு றோல் எடுக்கிறார், 1 எண்டு கழிக்கிறாங்க. சிஸ்டத்தில 5, ராக்கையில 11. விலையும் பிழைக்குது, ஒரு சோடியிட விலை ஒரு றோலுக்கு ஏறிரும். அதுக்குத்தான் பதிவில ரெண்டு அலகு இருக்கு. வாங்கிற அலகு சோடி, குடுக்கிற அலகு ஒண்டு, மாத்துற கணக்கு 2. எலிவேற்றர் பெல்ட் சுருளா வரும், மீற்றரில போகும். கிறீஸ் வாளியா வரும், கிலோவில போகும். எல்லாத்துக்கும் இதே முறைதான்.

அளவுப் பகுதிக்கு வருவம். இதில மூண்டு எண் இருக்கு: கையிருப்பு, ஒதுக்கினது, ஓடரில உள்ளது. கையிருப்பு 6, அதில 4 அடுத்த கிழமை வேலைக்கு ஒதுக்கியிருக்கு எண்டா, நீங்க எடுக்கக்கூடியது 2 மட்டும்தான். ஓடரில உள்ளத இருக்கிற சாமானா நினைக்காதீங்க. கையிருப்பு எண்ண நேரா அடிச்சு மாத்தவும் வேணாம். வந்தா வரவு, குடுத்தா வழங்கல், திரும்பினா திருப்பம், எண்ணிப் பார்த்து வித்தியாசம் வந்தா காரணத்தோட சரிப்படுத்தல். அப்படிச் செஞ்சாத்தான் எங்க பிசகினதெண்டு பின்னால போய்ப் பார்க்கலாம். இரவு வேலையில ஸ்டோர் பூட்டிக் கிடந்தா, ராக்கையடியில ஒரு கொப்பி கட்டித் தொங்க விடுங்க. என்ன, எத்தினை, எந்த மெசினுக்கு, காணும். காலையில அத சிஸ்டத்தில ஏத்தணும்.

ஆகக் குறைஞ்ச அளவு போடுற நேரம் மெசினப் பார்த்துப் போடுங்க. நாலு காடி உள்ள புள்ளியில, அதான் பெல்ட் ஓடுற சில்லில, பி68 அளவு பெல்ட் நாலு ஓடுது. ஒண்டு அறுந்தா நாலையும் சேர்த்துத்தான் மாத்தணும். பழசு இழுபட்டிருக்கும், புதுசு தனியப் பாரத்தத் தாங்கிச் சீக்கிரம் போயிரும். அப்ப அந்த பெல்ட்டுக்கு ஆகக் குறைஞ்சது 2 எண்டு போட்டு என்ன பிரயோசனம்? 4 போடுங்க.

எப்ப ஓடர் போடுற எண்டதுக்குக் கணக்கு லேசு: ஒரு கிழமைப் பாவிப்ப, சாமான் வந்து சேர எடுக்கிற கிழமையால பெருக்கி, பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டுங்க. உதாரணத்துக்கு கிழமைக்கு 6 றோல், 2 கிழமை, பாதுகாப்பு 4 எண்டா 16. கையிருப்பு 16க்கு இறங்கின உடனே ஓடர். ஆனா நம்மட பக்கம் வருசம் முழுக்க ஒரே பாவிப்பு இல்ல. பெரும்போக வெட்டு தொடங்கினா ஆலை இரவு பகலா ஓடும், மறுகா சிறுபோகத்துக்கு. வருசச் சராசரியப் போட்டா வெட்டுக் காலத்தில றோல் முடிஞ்சிரும். அதோட மாரி. மன்னம்பிட்டிப் பக்கம் ரோட்டில தண்ணி ஏறினா கொழும்பு லொறி சொன்ன நாளைக்கு வராது. அதனால அந்த 2 கிழமைய ஒக்டோபரிலயே கூட்டிப் போடுங்க. அதுக்காக றோல அளவுக்கு மிஞ்சி அடுக்கவும் வேணாம். றப்பர் கிடக்கக் கிடக்க இறுகும். வந்த திகதிய றோலிலயே எழுதி, வெயில் படாத இடத்தில வச்சு, பழச முதல்ல குடுங்க.

கடைசியா, எந்த மெசினுக்குப் பாவிக்கிறதெண்ட பட்டியல். கனபேர் வெறுமையா விட்டிருக்கிற இடம் இது. ரெண்டு வருசமா அசையாத கியர்பொக்ஸ் ஒண்டு ராக்கையில இருக்கு. வித்துருவமா? பட்டியலப் பாருங்க. அந்த மெசின் இன்னும் ஓடுதெண்டா அது இருந்தே ஆகணும், பதிவில முக்கிய சாமான் எண்டு குறிச்சு விடுங்க. மெசினே போயிட்டுதெண்டா, கையிருப்ப முறையாக் கழிச்சுப் பூச்சியமாக்கி, பதிவப் பாவனையில இல்ல எண்டு மாத்துங்க. அழிக்க வேணாம், அழிச்சா அந்த மெசினுக்குச் செஞ்ச பழைய வேலைக் கணக்கில சாமான்ட பேர் இல்லாமப் போயிரும்.